உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் காலராவில் எப்படி உயிர் காக்கிறது?

வயிற்றுப்போக்கில் உடலிலிருந்து போவது தண்ணீர்தானே, அப்படியானால் தண்ணீரையே நிறையக் குடித்தால் போதாதா, அதில் உப்பையும் சர்க்கரையையும் எதற்காகச் சேர்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அதோடு, கிருமி குடலைப் புண்ணாக்கிவிட்ட பிறகு, அதே குடல் நாம் குடிப்பதை எப்படி உறிஞ்சும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எல்லா வயிற்றுப்போக்கையும் ஒரே பதிலில் அடக்க முடியாது என்பதால், இவற்றில் மிகக் கொடியதும் மிக நன்றாக ஆராயப்பட்டதுமான காலராவை, அதாவது நம் ஊரில் வாந்திபேதி என்று சொல்லிவந்த நோயை, எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

காலராவில் குடல் புண்ணாவதில்லை. இதை ஏற்றுக்கொள்ள மருத்துவ உலகத்துக்கே நெடுங்காலம் பிடித்தது. 19ஆம் நூற்றாண்டில் காலராவில் இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்த்தவர்கள், சிறுகுடலின் உட்பரப்பு உரிந்து கிடந்ததைக் கண்டு, கிருமிதான் அதை உரித்துவிட்டது என்றும், அரிசி களைந்த தண்ணீரைப் போன்ற அந்த மலத்தில் மிதக்கும் வெண்ணிறத் துணுக்குகள் உரிந்த திசுவே என்றும் முடிவு கட்டினார்கள். 1950களின் இறுதியில் தாய்லாந்தில் காலரா பரவியபோது, யூஜீன் கங்கரோசா என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும், உயிரோடு இருந்த நோயாளிகளை ஒரு சிறு கருவியை விழுங்கச் செய்து, அவர்களுடைய சிறுகுடலிலிருந்து கடுகளவு திசுவைக் கிள்ளி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். உட்பரப்புச் செல்கள் ஒன்றுகூடக் கலையாமல், வரிசை வரிசையாக, அப்படியே இருந்தன. முன்னோர் கண்டது நோயின் விளைவு அன்று. இறந்த சிறிது நேரத்திலேயே குடல் திசு தானாகச் சிதையத் தொடங்கிவிடுகிறது, அதைத்தான் அவர்கள் கண்டார்கள். மலத்தில் மிதப்பது சளி. 1960இல் வெளியான இந்த ஆய்வை நான் மாணவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் சொல்வதுண்டு. பிணத்தைப் பார்த்து உயிருள்ள உடலைப் பற்றி முடிவெடுத்தால் எவ்வளவு தூரம் வழி தவறிப் போகலாம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் புண்ணே இல்லாத குடலிலிருந்து மணிக்கு ஒரு லிட்டர் வரை தண்ணீர் எப்படி வெளியேறுகிறது? அதற்கு அந்தத் திசுவின் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். சிறுகுடலின் உட்பரப்பை விரித்துப் பார்த்தால், பூத்துவாலையில் எழுந்து நிற்கும் நூல் வளையங்களைப் போல, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உயரமுள்ள குடலுறிஞ்சிகள் நெருக்கமாக நிற்கும். அவற்றின் அடிவாரத்தில், இரண்டு குடலுறிஞ்சிகளுக்கு இடையே, சிறு சிறு குழிகள் உண்டு. மேட்டையும் குழியையும் போர்த்தியிருப்பது ஒரே ஓர் அடுக்குச் செல்கள்தாம். அந்த அடுக்கின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு. நாம் தின்ற சோறும் அதோடு வந்த கிருமிகளும் ஒருபுறம், இரத்தம் மறுபுறம். நடுவில் நிற்கும் வேலி இவ்வளவு மெல்லியது. பக்கத்துப் பக்கத்துச் செல்கள் தம் மேல்விளிம்பில் புரத இழைகளால் ஒன்றோடொன்று தைக்கப்பட்டிருப்பதால்தான் இந்த வேலி வேலியாக இருக்கிறது.

மேட்டிலுள்ள செல்லும் குழியிலுள்ள செல்லும் ஒரே குடும்பம்தான், ஆனால் தொழில் வேறு. குழியின் அடியிலுள்ள தண்டுச் செல்கள் ஓயாமல் பிரிந்து புதுச் செல்களை உண்டாக்குகின்றன. அவை படிப்படியாக மேலே ஏறி, குடலுறிஞ்சியின் நுனியை அடைந்து, மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் உதிர்ந்துவிடுகின்றன. குழிக்குள் இருக்கும் இளம் பருவத்தில் அவற்றின் முக்கிய வேலை குடலுக்குள் நீரைச் சுரப்பது. மேட்டில் ஏறி முதிர்ந்த பிறகு வேலை உறிஞ்சுவது. இந்தச் செல்கள் சில நாட்களில் உதிர்ந்து மாறுகின்றன என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

நலமாக இருக்கும் ஒருவரின் குடலுக்குள் ஒரு நாளில் வரும் நீரைக் கணக்கெடுத்தால் வியப்பாக இருக்கும். நாம் குடிப்பதும் உணவில் வருவதுமாக ஏறக்குறைய 2 லிட்டர். உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர், குடல் சுரப்பு எல்லாம் சேர்ந்து இன்னும் 7 லிட்டர். இந்த 9 லிட்டரில் மலத்தோடு வெளியே போவது 100 முதல் 200 மில்லிலிட்டர் மட்டுமே. மீதியெல்லாம் உள்ளே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. ஆக, குடலுக்குள் நீர் சுரப்பது நோயன்று, அன்றாட நடப்பு. சுரப்பு கூடி உறிஞ்சல் குறைந்தால்தான் கழிச்சல்.

இங்கே ஒரு விதியைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் மீதி விளக்கம் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. தண்ணீரை நேரடியாக இழுக்கும் பம்பு நம் உடலின் எந்தச் செல்லிலும் கிடையாது. செல்லால் உப்பை நகர்த்த முடியும், சர்க்கரையை நகர்த்த முடியும். தண்ணீர் அவை போகும் பக்கம் தானாகப் போகும், அவ்வளவுதான். குடலுக்குள் நீர் சுரக்க வேண்டுமென்றால், குழிச் செல்கள் தம் உச்சியிலுள்ள குளோரைடு வாயிலைத் திறக்கின்றன. குளோரைடு வெளியேறும்போது அதன் மின்னூட்டத்தைச் சமன் செய்யச் சோடியம் செல்களின் இடைவெளி வழியாகப் பின்தொடர்கிறது. இரண்டும் சேர்ந்தால் உப்பு. உப்பின் பின்னால் தண்ணீர். அந்த வாயிலைத் திறக்கும்படி செல்லுக்குள் கட்டளை கொண்டுபோவது சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சிறு மூலக்கூறு. அதை உண்டாக்கும் நொதியை இயக்குவது ஜி புரதம் என்ற ஒரு விசை. வெளியிலிருந்து சமிக்ஞை வந்ததும் இந்த விசை தன்னை இயக்கிக்கொள்ளும், சற்று நேரத்தில் தன்னைத் தானே அணைத்தும் கொள்ளும்.

இனிக் கிருமிக்கு வருவோம். விப்ரியோ காலரே என்பது காற்புள்ளியைப் போல வளைந்த, ஒரே ஒரு வாலுள்ள பாக்டீரியா. அது குடலை அடைவதே கடினம். இரைப்பையின் அமிலம் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிடும். அதனால்தான் நலமான ஒருவருக்கு நோய் வரப் பல கோடிக் கிருமிகள் ஒருசேர உள்ளே போக வேண்டியிருக்கிறது. அமிலம் தணிந்திருந்தால் சில லட்சமே போதும். தப்பிப் பிழைத்தவை சிறுகுடலின் சளியை நீந்திக் கடந்து, செல் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. அதற்கு மேல் அவை செல்லுக்குள் நுழைவதுமில்லை, இரத்தத்துக்குள் போவதுமில்லை. வாசலில் நின்றபடி ஒரு நச்சை மட்டும் உள்ளே அனுப்புகின்றன.

இந்த நச்சைக் கண்டுபிடித்தவர் கொல்கத்தாவின் சம்பு நாத் டே. ராபர்ட் காக் 1884இல் அதே கொல்கத்தாவில் கிருமியை இனம்கண்டபோதே நச்சு ஒன்று இருக்கக்கூடும் என்று சொல்லியிருந்தார். ஆனால் பின்வந்தவர்கள் அதைத் தவறான இடங்களில் தேடினார்கள். டே, முயலின் சிறுகுடலை நூலால் இரண்டு இடங்களில் கட்டி, அந்தத் துண்டுக்குள் காலரா கிருமியைச் செலுத்தினார். மறுநாள் அந்தக் குடல் துண்டு நீர் நிறைந்து பலூனைப் போல உப்பியிருந்தது. அது 1953இல். கிருமியை முழுவதும் வடிகட்டி நீக்கிய வெறும் வளர்ப்பு நீரே அதே விளைவைத் தருகிறது என்று 1959இல் காட்டினார். கிருமியே இல்லாமல் காலரா. நூலும் முயலும் வடிகட்டியும் கொண்டு அவர் செய்தது இவ்வளவுதான். இதற்குரிய மரியாதை அவருக்கு அவர் வாழ்ந்த காலத்தில் இங்கே கிடைக்கவில்லை என்பது என் கருத்து மட்டுமன்று, துறையில் பலரும் சொல்லும் குறை.

நச்சின் அமைப்பு ஆறு புரதத் துண்டுகள் கொண்டது. ஐந்து துண்டுகள் வளையமாக நின்று செல் பரப்பிலுள்ள ஜி.எம்.1 என்ற கொழுப்புச் சர்க்கரையைப் பற்றிக்கொள்கின்றன. ஆறாவது துண்டுதான் வேலையைச் செய்வது. செல் இந்த நச்சைத் தன் சரக்கு என்று எண்ணி உள்ளிழுத்துக்கொள்கிறது. அது செல்லின் புரதத் தொழிற்கூடம் வரை பின்னோக்கிப் பயணம் செய்து, அங்கே தவறாக மடிந்த கழிவுப் புரதத்தைப் போல நடித்து, கழிவு வெளியேற்றும் வழியாகவே செல்லின் உட்பகுதிக்குள் நழுவிவிடுகிறது. பிறகு ஜி புரதத்தின்மேல் ஒரு வேதிக் கட்டை ஒட்டிவைக்கிறது. அதன்பின் அந்த விசைக்குத் தன்னை அணைத்துக்கொள்ளத் தெரியாது. சைக்ளிக் ஏ.எம்.பி. பெருகுகிறது, குழிகளில் குளோரைடு வாயில் திறந்தபடியே நிற்கிறது, மேட்டிலோ, சாதாரண உப்பை உறிஞ்சும் வாயில் அதே கட்டளையால் மூடிக்கொள்கிறது. ஒருபுறம் குழாய் திறந்தே கிடக்கிறது, மறுபுறம் வடிகால் அடைபட்டிருக்கிறது. இடையில் சொல்லிவிடுகிறேன்: இந்த நச்சுக்கான மரபணு கிருமிக்குச் சொந்தமானதுகூட அன்று. பாக்டீரியாவைத் தொற்றும் ஒரு வைரஸ் கொண்டுவந்து சேர்த்தது அது என்று 1996இல் வால்டரும் மெக்கலானோஸும் காட்டினார்கள்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. வெறும் தண்ணீரைக் குடித்தால் என்ன ஆகும்? உப்பே இல்லாத நீர் மேல்சிறுகுடலை அடைந்ததும், இரத்தத்திலிருந்து உப்பு அதை நோக்கிக் கசிகிறது. ஏற்கெனவே உப்பை இழந்த உடல் இன்னும் இழக்கிறது. காலரா மலத்திலுள்ள சோடியத்தின் செறிவு இரத்தத்திலுள்ளதற்கு நெருக்கமானது என்பதால் இந்த இழப்பு சிறியதன்று. உறிஞ்சப்படும் கொஞ்ச நீரும் இரத்தத்தின் சோடியத்தை மேலும் நீர்த்துப்போகச் செய்யும்; குழந்தைகளுக்கு வலிப்பு வரை போகலாம். சரி, உப்புத் தண்ணீர் கொடுத்தால்? உப்பை உறிஞ்சும் வாயிலைத்தான் நச்சு மூடிவைத்திருக்கிறதே. குடித்த உப்புத் தண்ணீர் அப்படியே மலத்தோடு போகும். பழங்கால மருத்துவர்கள் இதைச் செய்து பார்த்துத் தோற்றார்கள்.

சர்க்கரை சேரும்போதுதான் நிலைமை மாறுகிறது. மேட்டுச் செல்லின் உச்சியில் எஸ்.ஜி.எல்.டி.1 என்ற இன்னொரு வாயில் உண்டு. அது தனியாக வரும் குளுக்கோஸை உள்ளே விடாது. இரண்டு சோடியம் அயனிகள் ஒரு குளுக்கோஸைக் கைப்பிடித்துக்கொண்டு வந்தால்தான் திறக்கும். குடல் குளுக்கோஸை உறிஞ்சுவது சோடியத்தின் துணையோடுதான் என்ற கருத்தை ராபர்ட் கிரேன் 1960இல் பிராக் நகரில் நடந்த கருத்தரங்கில் முன்வைத்தார். உள்ளே வந்த சோடியத்தைச் செல்லின் அடிப்பக்கமுள்ள பம்பு இரத்தத்தின் பக்கம் தள்ளிவிடுகிறது. மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் அந்தப் பம்பை 1957இல் கண்டறிந்த டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ, நாற்பது ஆண்டு கழித்து நோபல் பரிசு பெற்றார். குளுக்கோஸும் அதே பக்கம் இறங்குகிறது. இரண்டும் போன பக்கம் தண்ணீரும் போகிறது. காலரா நச்சு இந்த வாயிலைத் தொடுவதில்லை. குடல் புண்ணாகியிருந்தால் இந்த வாயிலைத் தாங்கும் செல்லே இருந்திருக்காது. திசு முழுமையாக இருப்பதால்தான், ஒரு வாயில் மூடினாலும் இன்னொன்று வேலை செய்கிறது.

வீட்டுச் சர்க்கரை குளுக்கோஸ் இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். மேட்டுச் செல்லின் விளிம்பிலேயே அதை உடைக்கும் நொதி இருக்கிறது. சர்க்கரை அங்கே குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிந்துவிடும்.

ஆய்வுக்கூடத்தில் தெரிந்த இந்தச் செய்தி நோயாளியின் வாய்க்கு வந்து சேர்ந்தது வங்காளத்தில். 1968இல் டாக்காவில் டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும், குடிக்கக் கொடுக்கும் கரைசல் டிரிப்ஸின் தேவையைப் பெருமளவு குறைக்கிறது என்று காலரா நோயாளிகளிடம் காட்டினார்கள். ஆனால் பெரிய சோதனை 1971இல் வந்தது. வங்கதேசப் போரில் எல்லை தாண்டி வந்த அகதிகள் மேற்கு வங்கத்தின் பனகாவ் முகாமில் நெருக்கியடித்துக் கிடந்தபோது காலரா பரவியது; டிரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துவிட்டன. திலீப் மஹலனாபிஸ் என்ற மருத்துவர் ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்று கலந்து, குழாய் வைத்த பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினரிடமே குவளையைக் கொடுத்துவிட்டார். சுமார் 30 விழுக்காடாக இருந்த இறப்பு, 3.6 விழுக்காட்டுக்கு இறங்கியது. ஊசி குத்தத் தெரிந்தவரின் கையிலிருந்து பெற்ற தாயின் கைக்கு மருத்துவம் மாறிய இடம் அது என்றுதான் நான் அதைப் பார்க்கிறேன்.

இன்று ஓ.ஆர்.எஸ். என்ற பெயரில் கிடைக்கும் உப்பு-சர்க்கரைப் பொட்டலம் உலக சுகாதார நிறுவனம் 2002இல் திருத்திய அளவின்படி அமைந்தது: ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சமையல் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சோடியம் சிட்ரேட். பழைய கலவையைவிட இது நீர்த்தது. சர்க்கரை கூடினால் உறிஞ்சப்படாமல் தங்கி, அதுவே தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும். இனிப்பான குளிர்பானமும் பெட்டியில் அடைத்த பழச்சாறும் பேதியை அதிகமாக்குவது இதனால்தான். கடைப்பொட்டலம் கிடைக்காதபோது, ஒரு லிட்டர் கொதித்தாறிய தண்ணீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். வாயில் விட்டுப் பார்த்தால் கண்ணீரைவிட உப்பாக இருக்கக் கூடாது.

இனி, நம்மோடு வாழும் நுண்ணுயிர்களைச் சொல்லாமல் விட்டால் பதில் பாதியாகிவிடும். பெருங்குடலில் ஒரு மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 10,000 கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. நம் உடலின் செல்களைவிட அவை பத்து மடங்கு என்று பலகாலம் சொல்லிவந்தார்கள். 2016இல் செய்த மறுகணக்கீட்டின்படி, 70 கிலோ எடையுள்ள ஒருவரிடம் நம் செல்கள் 30 லட்சம் கோடி, பாக்டீரியாக்கள் 38 லட்சம் கோடி, கிட்டத்தட்டச் சரிக்குச் சரி. சிறுகுடலில் செரிக்காமல் தப்பி வரும் மாவுப்பொருளை இவை நொதிக்கவைத்துக் குறுங்கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றுள் பியூட்டிரேட் என்பதுதான் பெருங்குடல் செல்களின் முக்கிய எரிபொருள். நமக்கு இங்கே பயன்படும் செய்தி வேறு: இந்த அமிலங்கள் உறிஞ்சப்படும்போது சோடியமும் நீரும் கூடவே போகின்றன, அந்த வழியையும் காலரா நச்சால் அடைக்க முடிவதில்லை.

இதை மருத்துவமாக்கிப் பார்த்தது வேலூர். கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் ராமகிருஷ்ணாவும் அவருடைய குழுவினரும் காலரா நோயாளிகளை மூன்று குழுக்களாகப் பிரித்து, வழக்கமான கரைசல், லிட்டருக்கு 50 கிராம் அரிசி மாவு சேர்த்தது, லிட்டருக்கு 50 கிராம் எளிதில் செரிக்காத மக்காச்சோள மாவுப்பொருள் சேர்த்தது என்று கொடுத்தார்கள். மலம் கெட்டிப்பட வழக்கமான கரைசலில் சராசரியாகச் சுமார் 91 மணி நேரமும், செரிக்காத மாவு சேர்த்ததில் சுமார் 57 மணி நேரமும் ஆனதாக 2000ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். நோய்க்கிருமி சிறுகுடலில் கொட்டிய தண்ணீரைப் பெருங்குடலின் பாக்டீரியாக்களைக்கொண்டு மீட்டெடுத்த கதை இது. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியைப் பேதிக்குக் கொடுத்துவந்த நம் வீட்டுப் பெரியவர்கள் இதில் ஒரு பகுதியைப் பட்டறிவால் அறிந்திருந்தார்கள் என்று சொல்வதில் தவறில்லை. அரிசி மாவு செரித்துக் குளுக்கோஸ் சிறிது சிறிதாக வெளிப்படுவதால், சர்க்கரையைப் போல ஒரே நேரத்தில் தண்ணீரைக் குடலுக்குள் இழுப்பதில்லை. ஆனால் உப்பில்லாத கஞ்சியும், கழிச்சல் நிற்கட்டும் என்று பட்டினி போடுவதும் கேடு.

கடைசியாக, மக்கள் ஓ.ஆர்.எஸ்.ஸைப் பாதியில் நிறுத்துவதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். ‘நாலு டம்ளர் குடித்தாயிற்று, இன்னும் போய்க்கொண்டேதான் இருக்கிறது’ என்பார்கள். இந்தக் கரைசல் சுரப்பை நிறுத்துவதில்லை; இழந்ததை ஈடுகட்டுகிறது, அவ்வளவே. நச்சு ஒட்டிய விசையை அந்தச் செல்லால் சரிசெய்துகொள்ள இயலாது. அந்தச் செல்கள் மேலேறி உதிர்ந்து, குழியின் அடியிலிருந்து நச்சுப்படாத புதுச் செல்கள் வந்து இடம்பிடிக்க வேண்டும். அதற்குச் சில நாட்கள் ஆகும். தகுந்த நுண்ணுயிர்க்கொல்லி கிருமியை ஒழித்துப் புதிதாக நச்சு வருவதை நிறுத்தும் என்பதால் நோய்க்காலம் குறையும், ஆனால் உயிரைப் பிடித்துவைப்பது கரைசல்தான். எனவே ஒவ்வொரு முறை போனபிறகும் போன அளவுக்குக் குடிக்க வேண்டும். வாந்தி வந்தால் பத்து நிமிடம் பொறுத்து, தேக்கரண்டி தேக்கரண்டியாகத் தொடர வேண்டும். பால்குடிக் குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கண் குழி விழுந்து, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு உடனே விரியாமல் நின்று, சிறுநீரும் வராமல் மயக்கம் தட்டினால், குடிக்கவைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். அந்த நிலையில் குடல் உறிஞ்சும் வேகம் போதாது, நரம்பு வழியாகத்தான் நீர் ஏற்றியாக வேண்டும். மருத்துவமனைக்குப் போகும் வழியிலும் குவளை கையில் இருக்கட்டும்.